பொறியியல் முதலாம் வருடப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு

ஏ.எல். (க.பொ.த. உயர்தரம்) முடித்துப் பொறியியல் பீடத்துக்குத் தெரிவான பிள்ளைகளுக்கு, கம்பஸ் தொடங்குமுன் அடிப்படைக் கணினியும் பிரச்சினைகளைப் பிரித்து யோசிக்கும் பழக்கமும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் யாழ்ப்பாணத்தில் பலருக்கு வருகிறது. சீனியர் மாணவர்களுக்கு வரும், பாடசாலை ஐ.சி.ரி. ஆசிரியர்களுக்கு வரும், வெளிநாட்டிலிருந்து இரண்டு மாத லீவில் வந்து நிற்பவர்களுக்கும் வரும். எனக்கும் வந்தது. முதல் தடவை 14 பேரோடு தொடங்கினேன். நாலாம் கிழமை பார்த்தால் 5 பேர். முதல் நாளே பைதன் என்ற செய்நிரல் மொழியோடு தொடங்கியதுதான் பிழை. இரண்டாம் தடவை 12 பேர் வந்தார்கள், 11 பேர் கடைசி வரை இருந்தார்கள். இடையில் நான் மாற்றியவற்றைத்தான் கீழே எழுதுகிறேன்.

1. காலத்தை முதலில் பிடியுங்கள்

பரீட்சை முடிவுக்கும் கம்பஸ் தொடங்குவதற்கும் இடையில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் காலம் ஒன்று இருக்கிறது. வெட்டுப்புள்ளி (பீடத்துக்குத் தெரிவாகத் தேவையான குறைந்த புள்ளி) வந்து, யார் எந்தப் பீடம் என்று தெரிந்த பிறகு தொடங்குவது நல்லது. அதற்கு முன் கூப்பிட்டால் பாதிப் பேர் மனம் நிலைகொள்ளாமல் இருப்பார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடத்துக்குப் போகிறவர், பேராதனைக்குப் போகிறவர், மொறட்டுவைக்குப் போகிறவர் என்று கலந்து வந்தாலும் பரவாயில்லை. எங்கு போனாலும் படிப்பு ஆங்கிலத்தில்தான், முதல் வருடத்தில் செய்நிரலாக்கமும் (புரோகிராமிங்) எல்லோருக்கும் வரும்.

எட்டுக் கிழமை, கிழமைக்கு இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலம். மொத்தம் 32 மணித்தியாலம் காணும். நாளை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். தெரிவான பிள்ளைகளில் பலர் அந்தக் காலத்தில் ஓ.எல். (சாதாரண தர) பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்துக் கைச்செலவுக்கு உழைப்பார்கள். அவர்களுடைய ரியூசன் நேரத்தோடு மோதினால் நீங்கள்தான் தோற்பீர்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பின்னேர வகுப்பு வைக்க வேண்டாம். கார்த்திகை, மார்கழி மழையில் பழைய கட்டடங்கள் ஒழுகும், இடி மின்னலுக்குப் பிளக்கைக் கழற்ற வேண்டி வரும். அந்த மாதங்களில் தொடங்குவதானால் கட்டடத்தின் கூரையை ஒரு தடவை ஏறிட்டுப் பாருங்கள்.

2. இடமும் கடிதங்களும்

ஊர்ச் சனசமூக நிலையம், அதாவது வாசிகசாலை, மிக நல்ல இடம். மேசை கதிரை இருக்கும், பிள்ளைகள் சைக்கிளில் வந்துவிடலாம், பெற்றோருக்கும் தெரிந்த இடம். செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். அதில் இவை கட்டாயம் இருக்க வேண்டும்: தொடங்கும் நாள், முடியும் நாள், நேரம், எத்தனை பேர், திறப்பு யாரிடம் இருக்கும், மின்கட்டணத்துக்கு எவ்வளவு தருவீர்கள். கடைசி இரண்டையும் நான் முதல் தடவை எழுதவில்லை. மூன்றாம் வகுப்பன்று திறப்பு வைத்திருந்தவர் கலியாண வீட்டுக்குப் போய்விட, 14 பேரும் வேப்பமரத்தடியில் நின்றோம்.

பாடசாலைக் கணினி அறை கிடைத்தால் இயந்திரப் பிரச்சினை தீரும். ஆனால் அதிபருக்குக் கடிதம், வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி, ஒரு பொறுப்பாசிரியர் கூட நிற்பது என்று நீளும். ஒரு மாதமாவது முன்னதாகக் கொடுங்கள். கையோடு ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய கடிதம் ஒரு தடவை யாரோ ஒருவருடைய மேசையில் மூன்று கிழமை தூங்கியது. பிரதி இருந்ததால்தான் கேட்க வாய் வந்தது.

கடிதத்தைக் கொமினிகேஷனில் (தட்டச்சு, போட்டோ கொப்பிக் கடையில்) யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்தால் அதை வேர்ட் கோப்பாக அனுப்பாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யுனிகோட்டில் அடியுங்கள், இல்லாவிட்டால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

இவற்றோடு ஒரு வரவுப் புத்தகம், இரவல் வாங்கிய மடிக்கணினிகளின் தொடர் இலக்கங்கள் எழுதிய ஒரு பட்டியல், பெற்றோருக்கு நேர அட்டவணை. அட்டவணையில் வகுப்பு முடியும் நேரம் பெரிதாக இருக்கட்டும். பெண்பிள்ளைகளின் வீட்டில் முதல் கேட்பது அதைத்தான்.

3. கரண்ட்

பழைய வாசிகசாலைகளில் சுவருக்கு ஒரு பிளக் இருந்தால் அதிசயம், அதுவும் பெரும்பாலும் வட்டப் பின். இப்போது வாங்கும் வயர்கள் 13 அம்பியர் சதுரப் பின். மாற்றிகள் நாலைந்தும் தரமான எக்ஸ்டென்ஷன் கோட் இரண்டும் வாங்குங்கள். சந்தையில் கிடைக்கும் மெல்லிய வயர்க்காரன் அரை மணித்தியாலத்தில் சுடும்.

சுமையைப் பிள்ளைகளையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். 65 வற் சார்ஜர் 6 என்றால் 390 வற். 230 வோல்ற்றில் 2 அம்பியரும் இல்லை. ஆகவே கணினிகளால் பிரச்சினை வராது. அதே கோட்டில் யாராவது தேத்தண்ணிக்குக் கேத்திலைச் சொருகினால்தான் பிரச்சினை. பௌதிகவியலில் ஏ எடுத்த பிள்ளைகள் இந்தக் கணக்கை ஒருநாளும் உண்மையான பிளக்குக்குப் போட்டுப் பார்த்ததில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

4. இயந்திரங்கள்

இருவருக்கு ஒரு கணினி. காசு மிச்சம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஒருவர் தட்ட மற்றவர் வாயால் சொல்ல, 15 நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாறினால், வாய் திறக்காத பிள்ளையும் திறக்கும். 12 பேருக்கு 6 போதும். ஏழாவது ஒன்று பழுதுக்கு.

வெளிநாட்டு உறவினர்கள் பழைய மடிக்கணினி அனுப்புவார்கள். நன்றியோடு வாங்குங்கள், ஆனால் விசைப்பலகையைப் பாருங்கள். பிரான்சிலிருந்து வந்ததில் ஏயும் கியூவும் இடம் மாறி இருக்கும், இலக்கம் அடிக்க ஷிப்ட் அழுத்த வேண்டும். ஜெர்மனியிலிருந்து வந்ததில் வையும் இசெட்டும் மாறியிருக்கும். சதுர அடைப்பைத் தேடுவதற்கு இரண்டிலும் ஒரு நாள் போகும். அமைப்பில் ஆங்கில விசைப்பலகையைத் தெரிவுசெய்து, விசைகளின் மேல் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். சார்ஜர் முனையும் அந்த நாட்டு இரட்டைப் பின்னாக இருக்கும், மாற்றி தேவை.

4 ஜிபி நினைவகமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ளதில் புதிய விண்டோஸ் போட்டுப் பிள்ளைகளை வதைக்க வேண்டாம். லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஓடும். விண்டோஸ் இருப்பதில் லிபரே ஆபிஸ் போடுங்கள், காசில்லை. கிராக் செய்த ஆபிஸ் யாராவது பென் ட்ரைவில் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். பென் வழியாக வரும் வைரஸ் ஒன்று கோப்புறைகளை ஒளித்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும், ஒரே நாளில் ஆறு கணினிக்கும் பரவும். நான் பட்டது.

பைதனுக்கு தொனி என்ற மென்பொருளைப் பாவியுங்கள். எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பதற்கென்றே தொடங்கியது. பைதன் உள்ளேயே இருக்கும், இணையம் வேண்டாம், ஒவ்வொரு வரியாக ஓட்டி மாறிகளின் பெறுமானம் மாறுவதைப் பார்க்கலாம். வகுப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் பதிவிறக்கினால் உங்கள் போன் டேட்டா அன்றைக்கே முடியும். எல்லாவற்றையும் வீட்டிலேயே இறக்கி இரண்டு பென்னில் வைத்துக்கொண்டு போங்கள்.

5. முதல் இரண்டு கிழமை: கோப்பு, மின்னஞ்சல், விரிதாள் (ஸ்பிரெட்ஷீட்)

"கொம்பியூட்டர் தெரியுமா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் தெரியும் என்பார்கள், வெட்கத்துக்கு. ஒரு வேலையைக் கொடுங்கள்: ஒரு கோப்புறை உண்டாக்கு, அதில் ஒரு கோப்பைச் சேமி, பெயரை மாற்று, சுருக்கி எனக்கு மின்னஞ்சலில் அனுப்பு. முதல் தடவை வந்த 14 பேரில் இதை முழுதாகச் செய்தது 3 பேர். போனில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கோப்பு என்பது எங்கோ இருக்கும், தேடினால் வரும். கோப்புறைக்குள் கோப்புறை என்ற மரம் மனதில் இல்லாதவருக்கு, பைதன் "கோப்பு இல்லை" என்று சொன்னால் என்ன விளங்கும்?

மின்னஞ்சலில் ஒரு பொறி. பல பிள்ளைகளுடைய மின்னஞ்சல் முகவரி, பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பிய கொமினிகேஷனில் கடைக்காரர் உண்டாக்கிக் கொடுத்தது. கடவுச்சொல் பிள்ளைக்குத் தெரியாது, மீட்கும் தொலைபேசி இலக்கமும் கடைக்காரருடையதாக இருக்கலாம். பதிவு சம்பந்தமான அறிவித்தல்கள் அந்த முகவரிக்குத்தான் போகும். முதல் கிழமையே ஒவ்வொருவராக இருத்தி, கடவுச்சொல்லையும் மீட்பு இலக்கத்தையும் தங்களுடையதாக மாற்றவையுங்கள். இந்த ஒரு வேலைக்காகவே வகுப்பு வைக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு.

விரிதாளுக்குப் புதிய உதாரணம் தேடி அலைய வேண்டாம். ஏ.எல். செய்முறையில் செய்த எளிய ஊசல் எல்லோருடைய கொப்பியிலும் இருக்கும். நீளத்தை ஒரு நிரலில், அலைவுகாலத்தை ஒரு நிரலில் போட்டு, அலைவுகாலத்தின் வர்க்கத்துக்கு மூன்றாவது நிரல். வரைபு கீறி, படித்திறன் எடுத்து, 39.48ஐ (4π²) அதனால் பிரித்தால் ஈர்ப்பு ஆர்முடுகல். கையால் வரைபுத்தாளில் அரை நாள் செய்தது இரண்டு நிமிடத்தில் வரும்போது முகங்களைப் பாருங்கள். யாருக்காவது 980 கிட்ட வந்தால் திருத்திவிடாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். நீளத்தைச் சென்ரிமீற்றரிலேயே விட்டிருப்பார்.

அப்புறம் சைன் 30ஐ அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வரும் என்று எல்லோரும் பந்தயம் கட்டுவார்கள். திரையில் மறை 0.988 வரும். விரிதாள் கோணத்தை ஆரையனில்தான் எடுக்கும், பாகையில் எடுக்காது. கணினி சொன்னால் சரி என்ற நம்பிக்கை உடைவதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

6. மூன்றாம், நாலாம் கிழமை: கணினியை மூடுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவழியுங்கள். இணைந்த கணிதத்தில் எங்களைவிடக் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் பத்து வருடக் கடந்தகால வினாத்தாள் செய்து பழகியவர்கள். வினாவில் எல்லாத் தரவும் இருக்கும், மிச்சமாக ஒன்றும் இருக்காது, விடை ஒன்றுதான் என்று நம்புகிறவர்கள். உண்மையான பிரச்சினை அப்படி வருவதில்லை.

நான் கொடுக்கும் முதல் வினா காணி. "நாலு பக்கமும் 95, 60, 90, 62 அடி உள்ள காணி எத்தனை பரப்பு?" ஒரு பரப்பு 10 பேர்ச், ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, 16 பரப்பு ஒரு ஏக்கர். இவ்வளவும் பலகையில் எழுதிவிடுவேன். எல்லோரும் எதிர்ப்பக்கங்களின் சராசரியைப் பெருக்கி இரண்டு பரப்புச் சொச்சம் என்று சொல்வார்கள். சரி என்பேன். பிறகு நாலு ஈர்க்கை மூலைகளில் நூலால் கட்டி அவர்கள் கையில் கொடுப்பேன். அழுத்தினால் சரியும். பக்கங்கள் அதே நீளம், பரப்பளவு குறைந்துகொண்டே போகும். ஒரு நிமிடம் அறை அமைதியாகும். அப்போது யாராவது ஒருவர் "அப்ப ஒரு மூலைவிட்டமும் வேணும் சேர்" என்பார். அதற்காகத்தான் அந்த வினா. மூலைவிட்டம் கிடைத்தால் இரண்டு முக்கோணம், மிச்சம் அவர்களுக்குத் தெரிந்த கணக்கு. நில அளவையாளர் ஏன் குறுக்கே நாடா பிடிக்கிறார் என்று அன்றைக்கு விளங்கும்.

இரண்டாவது, கொழும்பு இரவு பஸ். இரவு 7.30க்கு வெளிக்கிட்டுக் காலை 5.15க்குப் போய்ச் சேர்ந்தால் எவ்வளவு நேரம்? வாயால் எல்லோரும் 9 மணி 45 நிமிடம் என்பார்கள். "நீங்கள் செய்ததைக் கணினிக்குச் சொல்லுங்கள்" என்றால் திணறுவார்கள். 7.30 என்பது ஏழு தசம் மூன்று அல்ல, நிமிடமாக மாற்ற வேண்டும், இரவு ஏழரை 1170, காலை ஐந்தே கால் 315, கழித்தால் மறை 855, அதற்கு 1440 கூட்டினால் 585. எப்போது கூட்ட வேண்டும், எப்போது கூட்டக்கூடாது? அந்தக் கேள்விதான் அவர்கள் எழுதும் முதல் நிபந்தனை.

ஒவ்வொரு வினாவுக்கும் முதலில் தமிழில் படிமுறை எழுதவையுங்கள், "நானென்றால் கையால் எப்படிச் செய்வேன்" என்று. பாய்ச்சற் கோட்டுப்படம் கீற விரும்புகிறவர் கீறட்டும், நான் கட்டாயப்படுத்துவதில்லை. பெட்டியின் வடிவம் சரியா என்று அரை மணித்தியாலம் சண்டை பிடிப்பார்கள். எழுதிய படிமுறையைப் பக்கத்துக் கதிரைக்காரரிடம் கொடுத்து, எழுதியபடியே செய்யச் சொல்லுங்கள். விட்ட படியெல்லாம் வெளியே வரும். கலைச்சொல்லைத் தமிழிலும் ஆங்கில உச்சரிப்பிலும் ஒரே கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதவையுங்கள். கம்பஸில் கேட்கப்போவது ஆங்கிலம், யோசிக்கப்போவது தமிழ்.

7. ஐந்தாம் கிழமையிலிருந்து பைதன்

இப்போது தொடங்கினால் ஓடும். காணி, பஸ் இரண்டையும் அப்படியே செய்நிரலாக்குவதுதான் முதல் வேலை. வழமையாக விழும் குழிகள்: இன்புட் கட்டளை தருவது எப்போதும் எழுத்து, எண் அல்ல. 5ஐயும் 5ஐயும் கூட்டினால் 55 வரும். ரேஞ்சில் 1 முதல் 10 என்று கொடுத்தால் 9இலேயே நிற்கும். ஒரு சமக்குறி பெறுமானம் வைப்பது, இரண்டு சமக்குறி ஒப்பிடுவது. வரி தொடக்க இடைவெளி தவறினால் ஓடாது. பிழைச்செய்தி சிவப்பாக வந்தவுடன் பிள்ளைகள் அதை மூடிவிடுவார்கள், பிழை செய்துவிட்டோம் என்ற கூச்சம். கடைசி வரியை உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் விசயம் அதில்தான் இருக்கும்.

ஏழாம் கிழமைக்கு அடையாள அட்டை இலக்கம். 12 இலக்க அட்டையில் முதல் நாலும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தில் எத்தனையாவது நாள், பெண்ணானால் அதோடு 500 கூட்டியிருக்கும். இலக்கத்தைக் கொடுத்தால் பிறந்த திகதி வரவேண்டும். அவரவர் தன் இலக்கத்தைத் தானே பாவிக்கட்டும், பலகையில் எழுதவோ மற்றவருக்கு அனுப்பவோ விடாதீர்கள். எழுதி ஓட்டினால் 2004இல் பிறந்தவர்களுக்குச் சரியாக வரும். 2005காரருக்கு, பெப்ரவரிக்குப் பிறகு பிறந்திருந்தால், ஒரு நாள் பிந்தும். செய்நிரலில் பிழை தேடித் தலையைப் பிய்ப்பார்கள். இலக்கம் கொடுக்கும்போது எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 இருப்பதாக எண்ணுகிறார்கள் என்பதுதான் விசயம். 2005 மார்ச் 1இல் பிறந்தவருக்கு 060 வரவேண்டும், அட்டையில் 061 இருக்கும். இதை நீங்கள் சொல்லவே வேண்டாம். யாருக்குச் சரி, யாருக்குப் பிழை என்று அவர்களே பட்டியல் போட்டால் அரை மணித்தியாலத்தில் பிடித்துவிடுவார்கள். என் வகுப்பில் அதைப் பிடித்த தங்கச்சி, முதல் மூன்று கிழமையும் ஒரு சொல் கதைக்காதவர்.

8. இரண்டு எச்சரிக்கை

"விளங்குதா?" என்று கேட்காதீர்கள். "ஓம் சேர், விளங்குது" என்று 12 குரல் வரும். பாடசாலையில் பழகிய மரியாதை அது, பதில் அல்ல. அதற்குப் பதிலாக, "இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள்.

மற்றது சட்ஜிபிடி. தடை போட்டால் வீட்டில் பாவிப்பார்கள். நான் வைத்த விதி ஒன்றுதான்: கொண்டுவந்த செய்நிரலில் நான் சொல்லும் ஒரு மாற்றத்தை என் முன்னால் இருந்து செய்ய வேண்டும். பஸ் வினாவில் "இடையில் அரை மணித்தியாலம் சாப்பாட்டுக்கு நின்றால்?" என்பதுபோல. செய்தால் எங்கிருந்து எடுத்தது என்று கேட்கமாட்டேன்.

9. காசு

இலவசம் என்று அறிவித்தால் மழைத் தூறலுக்கே வராமல் விடுவார்கள். இரண்டாம் தடவை ஆளுக்கு 1,000 ரூபா வைப்பாக வாங்கி, 13 வகுப்புக்குக் குறையாமல் வந்தவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். கட்ட முடியாத வீடு என்று தெரிந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், மற்றவர்களுக்குத் தெரியவேண்டியதில்லை. எக்ஸ்டென்ஷன் கோட், மாற்றிகள், பென் இரண்டு, போட்டோ கொப்பி, வாசிகசாலை மின்கட்டணம், தேத்தண்ணி எல்லாமாக எனக்கு 20,000 ரூபாவுக்குள் முடிந்தது. கணினி எல்லாம் இரவல்.

பெற்றோர் கட்டாயம் கேட்பார்கள், "இப்பவே லப்டொப் வாங்க வேணுமா?" என்று. வகுப்பு முடியும் வரை பொறுக்கச் சொல்லுங்கள். பீடத்தில் என்ன மென்பொருள் தேவை என்று சீனியரிடம் கேட்ட பிறகு வாங்கலாம். பாவித்தது வாங்குவதானால் 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் குறைந்தபட்சம். நான் விசாரித்த நேரம் 70,000 ரூபா அளவில் இருந்தது. மின்கலம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடையிலேயே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சங்கிலி அடகு வைத்துப் புதிதாக வாங்கத் துடிக்கும் தாய்மாரைத் தடுப்பதும் உங்கள் வேலையில் ஒரு பகுதிதான்.

10. கடைசி வகுப்பு

சான்றிதழ் அச்சடிக்க வேண்டாம், அதற்கு ஒரு பெறுமதியும் இல்லை. பதிலாக, தொனி, லிபரே ஆபிஸ் நிறுவல் கோப்புகளையும் அவர்கள் எழுதிய செய்நிரல்களையும் அவரவர் பென்னில் போட்டுக் கொடுங்கள். வைப்புக் காசைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். இரவல் கணினிகளைப் பட்டியலோடு ஒப்பிட்டு, பிள்ளைகளுடைய மின்னஞ்சல்களிலிருந்து வெளியேறிவிட்டீர்களா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். நான் பார்க்காமல் கொடுத்த ஒன்றில் இரண்டு பேருடைய கணக்கு திறந்தபடியே கிடந்தது. கடைசியாக மின்விசிறியை நிறுத்தி, வாசிகசாலைத் திறப்பை அன்றைக்கே செயலாளர் கையில் கொடுங்கள். அடுத்த வருடமும் அவரிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.